ஒத்தடம் கொடுத்த கை

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்து கோணலாக வரும், எழுதுகிற விரல்களும் கோணல்தான். நடந்தது முன்னே பின்னே மாறியிருக்கலாம், சிலது அடியோடு மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் மூட்டு வைத்தியத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு காகிதம், அதில் நீளமாக ஒரு கோடு.

"ஆயா, போன வாரம் முழுக்க உங்களுக்கு அசதி எவ்ளோ இருந்துச்சு? இந்த முனை அசதியே இல்ல. அந்த முனை தாங்கவே முடியல. நீங்க எங்க இருக்கீங்கன்னு காட்டுங்க."

எனக்குக் காட்டத் தெரியவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதோ என்று அந்தப் பெண் பயந்துவிட்டாள்.

"வலி இல்லம்மா. இத கேக்கறதுக்குன்னு ஒரு காகிதம் வந்துடுச்சா, அதான் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன்.

அவளுக்குப் புரிந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்டேன். வீட்டுக்காரர் பட்டுத்தறி நெய்கிறவர். வீட்டில் ஒரே தறி. அவர், என் மாமியார், நான், கைக்குழந்தையாக என் மகள். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மகள் பிறந்த சில மாதத்தில் என் விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கின. அறுபதுகளின் கடைசியாக இருக்கும். முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். காலையில் எழுந்தால் உள்ளங்கையை விரிக்க முடியாது. மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினோம்.

எங்கள் வீட்டில் பாவு பிணைப்பது என் வேலை. பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். தறியில் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையைச் சேர்த்து விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு முறுக்க வேண்டும். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை அதே வேலைதான். அது முடியும்வரை தறி ஓடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் விரல் வேகத்தைப் பார்த்துத் தெருவே பேசும். அத்தை பெருமையாகச் சொல்லிக்கொள்வார். விரல் வீங்கியதும் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பிணைக்கச் சொன்னார்கள். நான் அறையில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தமில்லாத வேலையைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.

அப்போது ஊர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டர் வருவார். மூட்டு நோய்க்காரர்களுக்காகவே வருவார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். தங்கத்தில் செய்த ஒரு மருந்து வந்திருக்கிறது, வாராவாரம் ஊசியாகப் போட வேண்டும், யாருக்கு எவ்வளவு குணமாகிறது என்று அளந்து பார்த்து மெட்ராஸில் பெரிய டாக்டர்களிடம் சொல்லப்போகிறோம் என்றார். எங்களைப்போல் சில பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் நானும் ஒருத்தி.

தங்க ஊசி என்றதும் தெருவில் ஒரே கேலி. குழாயடியில் ஒருத்தி சொன்னாள்:

"பொறந்த வூட்டுல போடாத தங்கத்த கவர்மெண்டு போடுது உனக்கு. மாமியாரு எடை போட்டுப் பாக்கப் போறாங்க, ஜாக்கிரத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஊசி போடுவதற்கு முன் அளவெடுப்பார்கள். டாக்டர் இரத்த அழுத்தம் பார்க்கிற துணிப்பையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடைத்துக் கையில் கொடுப்பார். முடிந்தமட்டும் அமுக்க வேண்டும். பாதரசம் ஏறுவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். பிறகு தட்டார் கடையில் இருப்பதுபோல் சின்னச் சின்ன வளையங்கள், எது விரல் கணுவைத் தாண்டி நுழைகிறது என்று பார்ப்பார். பெஞ்சிலிருந்து ஜன்னல்வரை நடக்கச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பார். எல்லாம் முடிந்து, "எப்படிம்மா இருக்கு?" என்பார்.

"பரவாயில்லீங்க" என்பேன்.

வேறு என்ன சொல்வது? அவர் மெட்ராஸிலிருந்து காலை பஸ் பிடித்து வருகிறார். ஏழைபாழைகள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அவர் முகத்தைப் பார்த்து "நல்லா இல்லீங்க" என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். ஏனாத்தூரிலிருந்து வருவார், கூலிக்கு நடவு நடுகிறவர். என்னைவிட வயதில் மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். வாய் அடங்காதவர். துணிப்பையை அமுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவார். வெளியே வந்து, "பாத்தியா, இன்னிக்கு பாதரசத்த உன்னவிட மேல ஏத்திட்டேன்" என்பார். நாங்களெல்லாம் அப்படித்தான். அந்தப் பையை அமுக்குவது ஒரு போட்டிபோல ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய் அன்றைக்கெல்லாம் கை விண்விண்ணென்று தெறிக்கும். அது டாக்டருக்கு எப்படித் தெரியும்?

சில மாதம் கழித்து என் கணுக்களில் வீக்கம் உண்மையிலேயே வற்றியது. வளையம் சுலபமாக நுழைந்தது. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். "உங்களுக்கு மருந்து நல்லாவே கேட்டிருக்கும்மா. இன்னும் ஒருதரம் அளந்து பார்த்துட்டு ஊசிய நிறுத்திடலாம். உங்கள குணமானவங்க கணக்குல சேத்துடலாம்" என்றார். கூட வந்திருந்த அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கஷ்டகாலம் தொடங்கியது.

வீக்கம் வற்றியது நிஜம். வலியும் பாதி போய்விட்டது. ஆனால் உடம்பு மட்டும் எழவே இல்லை. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காததுபோல. சோறு வடிக்க எழுந்து நின்றால், வடித்து முடிப்பதற்குள் எங்கேயாவது சாய்ந்துகொள்ள இடம் தேடும். குழந்தை அழுதால் எடுக்க மனம் ஓடும், உடம்பு அங்கேயே கிடக்கும். முன்பு படுத்தபோது வீங்கின கையைப் பார்த்து எல்லோரும் பாவம் என்றார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது. டாக்டரே சொல்லிவிட்டார். இனி எதற்குப் படுப்பது?

"டாக்டர் சரியாப்போச்சுன்னு சொல்லிட்டாரு. வெரலு சரியா கீது. பாவு பிணைக்க வேறவளக் கூப்புடணுமாம்" என்று அத்தை சுவரைப் பார்த்துச் சொல்வார். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "மெய்யாலுமே முடியலியா? இல்ல, அம்மா மேல கோவமா?"

அவர்கூட நம்பவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானே என்னை நம்பவில்லை. ஒருவேளை சோம்பல்தானோ என்று நினைத்து, ஒருநாள் பாவு பிணைக்க உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் இழைகள் கண்முன் கலங்கின. அப்படியே தறிக்குழி ஓரமாகச் சரிந்து படுத்துவிட்டேன். அத்தை வந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிடப் பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினார்.

அடுத்த முறை பெஞ்சில் ஏனாத்தூர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவரிடம் சொல்ல வெட்கமில்லை.

"அடியே, உனக்குமா?" என்றார். "நான் எனக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கினு கீறேன். வெரலு வத்திப்போச்சு, வாஸ்தவம். ஆனா நட்டுக்கினே இருப்பேன், அப்பிடியே சேத்துலயே படுத்துக்கலாமான்னு வரும். எம் மருமவ சொல்றா, கெய்விக்கு நடிப்பு வந்துடுச்சாம்."

"டாக்டர் ஐயாகிட்ட சொன்னியா அக்கா?"

"நீ சொன்னியா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா போனார். அந்த வாயாடி அக்கா உள்ளே போய் "பரவாயில்லீங்க சாமி" என்று சொன்னது எனக்குக் கதவுக்கு வெளியே கேட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் அத்தை விடியற்காலையில் எழுந்து பெரிய அண்டாவில் தண்ணீர் காய்ச்சுவார். கல்லுப்புப் போட்டு, என் இரண்டு கையையும் அதில் முக்கி, துணியில் நனைத்து மணிக்கட்டிலும் முழங்காலிலும் ஒத்தடம் கொடுப்பார். நெடுநேரம் கொடுப்பார். விரல்களை ஒவ்வொன்றாக நீவி விடுவார். பிறகு வெளுத்த புடவை கட்டி, தலைவாரிப் பூ வைத்து அனுப்புவார். மற்ற நாளில் அப்படி நடக்காது. விறகுக்கும் நேரத்துக்கும் எங்கே போவது? நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கைகால் ஓரளவு இளகியிருக்கும். அந்தக் கையைத்தான் டாக்டர் ஒவ்வொரு முறையும் அளந்தார். அது தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய மனிதர் முன்னால் போய் நிற்கிறோம், ஒழுங்காகப் போக வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.

டாக்டருடைய தங்கைக்குக் கல்யாணம் வந்தது. கடையில் புடவை எடுப்பதற்கு முன் தறியில் புடவை ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று டாக்டருக்கு ஆசை. எங்கள் வீட்டில் தறி இருப்பது தெரிந்து, அன்றைக்கு எனக்குத் துணையாக வந்திருந்த வீட்டுக்காரரிடம் கேட்டார். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "விடியங்காட்டியும் வாங்க. அன்னிக்குத் தெருவுல பாவு போடறோம், அதையும் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

பாவு போடுவதென்றால், புதுப் பாவைத் தெருநெடுக விரித்து, கழிகளில் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி நீவி உலர்த்துவது. பட்டு நூல் தானாக விறைத்து நிற்காது. கஞ்சி ஏறினால்தான் தறியின் அடியைத் தாங்கும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.

விடியற்காலையில் வரச் சொன்னாலும், மெட்ராஸிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் ஏழு மணிக்குத்தான் வந்து சேருவார் என்று நினைத்தோம். அவரோ முதல் நாள் ராத்திரியே ஊருக்கு வந்து தங்கி, பொழுது விடிந்தும் விடியாததுமாக வந்து நின்றார். வீட்டுக்காரரும் அத்தையும் தெருவில் பாவோடு இருந்தார்கள். அண்டா அடுப்பில் ஏறவே இல்லை. வீட்டுக்குள் நான் மட்டும்தான்.

காப்பி கொடுக்க வேண்டுமே! விரல் மடங்கவில்லை. தம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் தோளை உரசியபடி வந்தேன். நீட்டும்போது தம்ளர் ஆடியது. அவர் சட்டென்று எழுந்து வாங்கிக்கொண்டார். நான் நிற்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய மனிதர் முன்னால் இப்படி உட்கார்ந்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

"என்னம்மா இது? நேத்து எங்கயாவது விழுந்தீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டப் போனேன். அதற்குள் அத்தை கஞ்சிக் கையோடு உள்ளே வந்துவிட்டார்.

"விழவும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. காலையில அவ அப்பிடித்தான். நீங்க போட்ட ஊசியில வீக்கமெல்லாம் வத்திப்போச்சு. சோம்பேறித்தனம்தான் இன்னும் வத்தல."

"நான் பாக்கறப்ப கை இப்படி இருந்ததே இல்லையேம்மா."

"எப்பிடி இருக்கும்? வெந்நி வெச்சு, உப்பு போட்டு, ஒத்தடம் குடுத்துல்ல அனுப்புறேன்!" அத்தை பெருமையாகத்தான் சொன்னார். "உங்க முன்னாடி இந்தக் கையோட வரலாமுங்களா? நாங்க கவனிக்கலன்னு நெனைக்க மாட்டீங்களா?"

வாசலில் நின்ற வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். "மொதலாளிகிட்ட பொடவ எடுத்துக்கினு போறோம்ல, அப்ப பிசிறெல்லாம் கத்திரிச்சு, நீவி, மடிச்சுதானுங்களே எடுத்துக்கினு போவோம். அது மாதிரிதான்."

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒரு வாரம் தப்பினதில்லீங்க" என்றார் அத்தை.

அவர் அத்தையிடம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த என்னிடம் குனிந்து, "நீங்க சொல்லுங்கம்மா. நான் அளக்கறத விட்டுடுங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றார்.

பரவாயில்லீங்க என்று வாய்வரை வந்தது. அத்தை நிற்கிறார், வீட்டுக்காரர் நிற்கிறார். என்னைப் பற்றிச் சொல்ல வரவில்லை. அதனால் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

"ஏனாத்தூருலருந்து ஒரு அக்கா வர்றாங்க இல்லீங்களா, அவங்களுக்கு நடவு நடுறப்போ சேத்துலயே படுத்துக்கலாம்போல வருதாம். வெரலு நல்லாத்தான் இருக்குதாம். ஒடம்புதான் எழுந்திரிக்க மாட்டேங்குதாம். வூட்டுல நடிப்புன்னு சொல்றாங்களாம். உங்ககிட்ட சொல்ல பயந்துக்கினு இருக்காங்க."

"உங்களுக்கு?"

வாசல் வழியே தெருவில் பாவு தெரிந்தது. கஞ்சி தடவின பக்கம் விறைப்பாக நின்றது. தடவாத பக்கம் தொய்ந்து கிடந்தது.

"தோ, அந்தப் பக்கம் கீது பாருங்க, கஞ்சி போடாத பாவு, அந்த மாதிரி இருக்குதுங்க. வலின்னா பல்லக் கடிச்சுக்குவேன். இது, பல்லக் கடிக்கறதுக்கே வலு இல்லாத மாதிரி."

அவ்வளவுதான் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு ஆண்பிள்ளை முன்னால் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் நான் காட்டிய பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "இது சோம்பல் இல்லம்மா. இதுவும் அந்த நோயோட சேந்ததுதான்னு இப்ப எனக்குத் தோணுது. நான் கேக்காம விட்டுட்டேன். குணமாயிடுச்சுன்னு நான் சொன்னது அவசரம்" என்றார்.

அத்தை கையில் காய்ந்துபோன கஞ்சியை உரித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள். எழுந்து அடுப்பங்கரைக்குப் போனேன். அண்டா கவிழ்த்தே இருந்தது.

"வெந்நி வெக்கலியா அத்த?"

"எதுக்கு?" என்றார். என்னைப் பார்த்தே சொன்னார். "இருக்கிற கையோட போ. அவரு பாக்கட்டும்."

அன்றைக்கு வளையம் கணுவைத் தாண்டவில்லை. பாதரசம் பாதிகூட ஏறவில்லை. டாக்டர் அதற்காக முகம் சுளிக்கவில்லை. அளவெடுப்பதற்கு முன்னால், எங்களில் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, எது முடிந்தால் நல்லாகிவிட்டது என்று சொல்வீர்கள் என்று கேட்டார். ஏனாத்தூர் அக்கா, "வெரலு எப்பிடி இருந்தா இன்னா சாமி, சாயந்தரம் வரிக்கும் சேத்துலருந்து கரையேறாம நிக்கணும்" என்றாராம். ஒருத்தி, கோயிலில் இரண்டு உள்ளங்கையும் ஒட்டக் கும்பிட வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னாள். நான் பாவு பிணைக்க வேண்டும் என்றேன். டாக்டர், எதை அளக்க வேண்டும் என்று மெட்ராஸில் முடிவு செய்தாகிவிட்டது, மாற்ற என்னால் முடியாது, ஆனாலும் நீங்கள் சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன் என்றார். ஊசியை நிறுத்தவில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அவர் சொன்னாரா, பெரிய டாக்டர்கள் கேட்டார்களா, எனக்குத் தெரியாது.

அசதி அதன்பிறகும் போகவில்லை. இன்றைக்கும் இருக்கிறது. அடுத்த பாவு வந்தபோது அத்தை பக்கத்துத் தெருவுக்குப் போகவில்லை. சாம்பல் கிண்ணத்தை நடுவில் வைத்து, "நீ அந்தக் கோடியிலருந்து வா, நான் இந்தக் கோடியிலருந்து வரேன்" என்றார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, தடவித் தடவித்தான் முறுக்குவார். நான் நடுவிலேயே சாய்ந்துவிட்டேன். அத்தை தன் புடவைத் தலைப்பை உருட்டி என் தலைக்கடியில் செருகிவிட்டு, என் பங்கு இழைகளையும் பிணைத்துக்கொண்டே போனார். ஏன் இப்படி என்று கேட்ட பக்கத்து வீட்டம்மாவிடம், "அது நோயிம்மா, ஒனக்குத் தெரியாது" என்றார்.

இதில் தப்பு இருக்கலாம். ஊசி வாராவாரமா, பிறகு மாதத்துக்கு ஒன்றா என்பது சரியாக நினைவில்லை. அந்தப் பையைச் சுருட்டிக் கொடுத்து அளப்பது எல்லா ஊரிலும் இருந்ததா என்றும் தெரியாது. விஷயம் தெரிந்த யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றும் பார்த்துச் சொல்லுங்கள். அசதி எவ்வளவு என்று கேட்கிற அந்தக் கோடு போட்ட காகிதம் எப்போது வந்தது? அதற்கு முன்னால், எங்களைப்போல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் யாராவது கேட்டுக்கொண்டு போனார்களா? ஏனாத்தூர் அக்கா இப்போது இல்லை. இருந்தால் இப்படி ஒரு காகிதம் வந்திருக்கிறது என்று அவரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்.